எவரெஸ்ட் அடிவார முகாம் வரை போயாச்சு, எப்படி இறங்குவது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஏறுவதைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை நாள், எந்த ஷூ, தலைவலி வந்தால் என்ன மாத்திரை என்று. திட்டமெல்லாம் முடிந்து டிக்கெட்டும் போட்ட பிறகுதான் அடுத்த கேள்வி வரும். "திரும்பும்போது அதே வழியிலேயே நடக்கணுமா? கோக்யோ பக்கம் சுற்றிக்கொண்டு வரலாமா? இல்லை, கோரக் ஷெப்பிலேயே ஹெலிகாப்டர் ஏறிவிடலாமா?"

கோரக் ஷெப் என்பது முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடம். கோக்யோ அதற்கு மேற்கே உள்ள ஏரிப் பள்ளத்தாக்கு. நல்ல கேள்வி, ஆனால் தாமதமாக வரும் கேள்வி. அடிவார முகாம் 5,364 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். சரியான தூக்கம் இல்லை, பசி இல்லை, இருமல் நிற்கவில்லை. அந்த நிலையில் கோரக் ஷெப் லாட்ஜின் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து எடுக்கும் முடிவை நான் நம்ப மாட்டேன். ஏறும் வழியில் நாம்சே பஜாரில் ஓய்வு நாள் ஒன்று வரும். தலை தெளிவாக இருக்கும் அந்த நாளிலேயே இறங்கும் வழியைத் தீர்மானித்துவிடுங்கள். பையில் எவ்வளவு பணம் வைப்பது, எத்தனை நாள் ஒதுக்குவது, எந்தக் காப்பீடு எடுப்பது எல்லாம் அதைப் பொறுத்தவை. காப்பீட்டை மட்டும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்திருக்க வேண்டும்.

நான் ஒருமுறை அதே வழியில் நடந்து இறங்கினேன். இன்னொருமுறை சோ லா கணவாய் தாண்டி கோக்யோ வழியாக வந்தேன். ஹெலிகாப்டரில் நான் இறங்கியதில்லை. ஆனால் கூட வந்த நண்பர் ஒருவரை லோபுச்சேயில் அதில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த மூன்று அனுபவங்களை வைத்துத்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதலில் நாள். கோரக் ஷெப்பிலிருந்து, நடை தொடங்கி முடியும் விமானதள ஊரான லுக்லா போய்ச்சேர எத்தனை நாள், அதற்கு மேல் கையில் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது.

அடுத்தது முழங்கால். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. ஏறும்போது நடக்காத வேலை இது. தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி அன்றைக்கே வராது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் குதித்துக்கொண்டு இறங்கியவர் மூன்றாம் நாள் படியில் பக்கவாட்டாக இறங்குவதன் காரணம் இதுதான்.

மூன்றாவது உயரம். பெயர் என்னவோ இறங்குவது, ஆனால் மூன்று வழிகளில் ஒன்று உங்களை மறுபடி மேலே கொண்டுபோகிறது.

பிறகு வானிலையும் பணமும். பணம் என்றால் விலைப்பட்டியலில் உள்ளது மட்டும் இல்லை. போர்ட்டர் கூலி, கூடுதல் நாட்களின் சாப்பாடு, தவறவிட்ட விமானம் எல்லாம் அதில் சேர்த்தி.

| | அதே வழியில் நடை | சோ லா, கோக்யோ வழி | ஹெலிகாப்டர் |
|---|---|---|---|
| லுக்லா சேர | 3 நாள் | 6 நாள், ஒரு நாள் கூடுதலாக வைத்தால் நல்லது | வானம் தெளிவாக இருந்தால் அன்று காலையே |
| மறுபடி ஏற்றம் | சின்னச் சின்னதாகப் பல இடங்களில் | 5,420 மீட்டர் கணவாய் | இல்லை |
| முழங்காலுக்கு | கடினம், முக்கியமாக மூன்றாம் நாள் | மிகக் கடினம் | சிரமமில்லை |
| வானிலை கெட்டால் | பெரும்பாலும் நடக்கலாம் | கணவாய் மூடும் | பறக்காது |
| தெரியாத செலவு | கிட்டத்தட்ட இல்லை | கூடுதல் நாட்கள், ரொக்கம் | சுமை, போர்ட்டர் கூலி, காத்திருப்பு |

## வழி ஒன்று: வந்த வழியே நடந்து இறங்குவது

ஏற எட்டு நாள் ஆன தூரத்தை மூன்றே நாளில் இறங்கிவிடலாம். உயரத்துக்கு உடம்பைப் பழக்க வேண்டிய ஓய்வு நாட்கள் இனி தேவையில்லை என்பதே காரணம்.

முதல் நாள் கோரக் ஷெப்பிலிருந்து (5,164 மீட்டர்) பெரிச்சேயோ பாங்போச்சேயோ வந்துவிடலாம். பாங்போச்சே என்றால் ஒரே நாளில் 1,200 மீட்டருக்கு மேல் இறக்கம். இந்த நாளில் நடக்கும் மாற்றத்தை வார்த்தையில் சொல்வது கஷ்டம். பெரிச்சே தாண்டும்போது எனக்குப் பசித்தது. அதற்கு முந்தைய ஐந்து நாளாகப் பூண்டு சூப்பைத் தவிர எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. அன்று பாங்போச்சேயில் தால் பாத் (பருப்பும் சோறும்) இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். இரவு எட்டு மணிக்குப் படுத்தவன் விடியற்காலைதான் எழுந்தேன்.

அந்த நன்றாக இருக்கும் உணர்ச்சியிலேயே ஆபத்தும் இருக்கிறது. மூச்சு திரும்பியதும் கால் வேகமெடுக்கும். துக்லாவுக்கு மேலே, எவரெஸ்ட்டில் இறந்தவர்களின் நினைவுக் கற்கள் இருக்கும் மேட்டிலிருந்து கீழே போகும் பாதை முழுக்க உருட்டுக்கல். சறுக்கி விழுபவர்களை அங்கேதான் அதிகம் பார்த்தேன். அப்புறம் யாக் மந்தை எதிரே வந்தால் மலைச்சுவர் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றவரைச் சுமைமூட்டை ஒரு தட்டுத் தட்டினாலே போதும்.

இரண்டாம் நாள் நாம்சே வரை. வரைபடத்தில் இறக்கம் மாதிரி தெரியும், ஆனால் அன்றைக்கு இரண்டு ஏற்றம். முதலில் தெபோச்சேயிலிருந்து தெங்போச்சே மடாலத்துக்கு (3,860 மீட்டர்) ஒரு மேடு. அங்கிருந்து ஆற்றங்கரையில் இருக்கும் புங்கி தெங்காவுக்கு ஒரேயடியாக 600 மீட்டர் இறக்கம். ஆற்றைத் தாண்டியதும் எதிர்ப்பக்கம் மறுபடி ஏற்றம். "இறங்கத்தானே போகிறோம்" என்று தண்ணீர் நிரப்பாமல் வந்தவர்கள் இங்கே தவிப்பார்கள்.

மூன்றாம் நாள் நாம்சேயிலிருந்து லுக்லா. காலையிலேயே தொங்குபாலம் வரை 600 மீட்டருக்குச் செங்குத்தான இறக்கம். முதல் நாளின் தசைவலி உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். ஃபக்டிங் 2,610 மீட்டர், லுக்லா 2,860 மீட்டர். அதாவது கடைசி நாளின் கடைசி மணிநேரங்கள் ஏற்றம். ஏறும்போது சுகமாக இறங்கிப் போன அதே பாதை. இது தெரியாமல் வந்து ஃபக்டிங்கில் மனசு விட்டுப்போனவர்கள் உண்டு. தெரிந்து வந்தால் அவ்வளவு பெரிய ஏற்றம் இல்லை.

இந்த வழிக்கு வேண்டியவை கொஞ்சம்தான். இரண்டு கம்புகள், ஏறும்போது பிடித்ததைவிட சற்று நீளமாக வைத்து. முதல் நாள் காலையே கால்நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துப்போகும். கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சறுக்காது. இவை எல்லாவற்றையும்விட முக்கியம் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே முதுகில் பையோடு மாடிப்படி *இறங்கிப்* பழகுவது. ஏறிப் பழகுபவர்கள் நிறைய, இறங்கிப் பழகுபவர்கள் குறைவு.

யாருக்குச் சரி: முதல்முறை வருபவர்கள், ஐம்பதைக் கடந்தவர்கள், கூடுதல் நாள் இல்லாதவர்கள், மேலே தலைவலி விடாதவர்கள். என்னைக் கேட்டால் பெரும்பாலோருக்கு இதுதான்.

## வழி இரண்டு: சோ லா தாண்டி கோக்யோ வழியாக

அழகென்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதல். அடிவார முகாமில் நின்றால் எவரெஸ்ட்டின் உச்சி தெரியாது. பலருக்கு அங்கே போய்ச்சேர்ந்த பிறகுதான் இது தெரியவருகிறது. கோக்யோ ரி (5,357 மீட்டர்) உச்சியிலிருந்து எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு என்று எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய நான்கு சிகரங்களும் தெரியும். கீழே பச்சைநீல ஏரி. அந்தப் பக்கம் நேபாளத்திலேயே நீளமான ங்கோசும்பா பனியாறு. இதற்கென்று தனி அனுமதிச் சீட்டும் வேண்டாம். எல்லாம் சாகர்மாதா தேசியப் பூங்காவுக்குள்தான்.

விலை என்ன? இடையில் 5,420 மீட்டரில் ஒரு கணவாய். அடிவார முகாமைவிட உயரம். லோபுச்சே தாண்டி ஜோங்லாவில் (4,830 மீட்டர்) படுத்து, விடியற்காலை நான்கு ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். கிட்டத்தட்ட 600 மீட்டர் ஏற்றம், கடைசிப் பகுதி கையை ஊன்றி ஏறும் பாறை. பாறை முடிந்தால் பனியாறு. ஷூவுக்கு அடியில் இரும்புப் பல் பட்டை மாட்டாமல் அதில் கால் வைக்காதீர்கள். அதை நாம்சேயிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பனியைவிட எனக்குப் பயமாக இருந்தது அதற்கு அடுத்த பகுதி. கணவாயின் மேற்குப் பக்கம் செங்குத்தான கற்சரிவு. வெயில் ஏறியதும் இரவில் உறைந்து பிடித்திருந்த கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். நாங்கள் இறங்கியபோது காலை ஒன்பதரை. மேலே வந்துகொண்டிருந்த குழுவில் யாரோ கால் வைத்த கல் ஒன்று, தேங்காய் அளவு இருக்கும், எங்களுக்குப் பத்தடி தள்ளிக் குதித்துக் குதித்துப் போனது. சத்தம்தான் முதலில் கேட்டது. கைடு அதன் பிறகு எங்களை ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு இறக்கினார். கணவாய்க்குக் கீழே உள்ள அடுத்த தங்குமிடமான தக்னாக் போய்ச்சேரும் வரை யாரும் பேசவில்லை. முன்கூட்டிக் கிளம்பச் சொல்வதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தக்னாக்கிலிருந்து மறுநாள் ங்கோசும்பா பனியாற்றைக் குறுக்கே கடந்து கோக்யோ. பனியாறு நகர நகரப் பாதையும் இடம் மாறும். போன வருடப் படத்தை நம்பிப் போகாதீர்கள். அன்று காலை எதிர்ப்பக்கமிருந்து வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். கோக்யோவிலிருந்து மச்செர்மோ, டோலே வழியாக நாம்சே. இங்கேயும் போர்ட்சே தெங்காவில் (3,680 மீட்டர்) ஆற்றருகே இறங்கியபின் மோங் லாவுக்குக் கிட்டத்தட்ட 300 மீட்டர் ஏற்றம் காத்திருக்கும். முழுச் சுற்றும் வேண்டும் என்பவர்கள் கோக்யோவிலிருந்து ரென்ஜோ லா (5,360 மீட்டர்) ஏறி தாமே வழியாக வருவார்கள். 2024 ஆகஸ்டில் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம் தாமேயைப் பெரிதாகச் சேதப்படுத்தியது. அந்த வழி என்றால் தங்குமிடம் பற்றி நாம்சேயில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

தெரியாத செலவுகள் இங்கேதான் சேரும். கூடுதலாக மூன்று நான்கு நாள் சாப்பாடு, கைடு, போர்ட்டர் கூலி. நாம்சேயைத் தாண்டினால் ஏடிஎம்மை நம்ப முடியாது. கையில் நேபாள ரூபாய் தீர்ந்துவிட்டால் கோக்யோவில் கடன்தான். பனி பெய்து கணவாய் மூடினால் ஜோங்லாவில் காத்திருக்க வேண்டும், அல்லது லோபுச்சேக்குத் திரும்பி முதல் வழியைப் பிடிக்க வேண்டும். அதுவரை செலவழித்த நாட்கள் போனதுதான். ஊருக்கு விமானம் பிடிக்கும் தேதி நெருக்கமாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே இதை விட்டுவிடலாம்.

யாருக்குச் சரி: கோரக் ஷெப்புக்கு மேலே இருக்கும் காலா பத்தர் மேட்டில் ஏறிவிட்டு அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கியவர்கள், கையில் நான்கு நாள் மிச்சம் உள்ளவர்கள், கைடோடு வருபவர்கள். தலைவலியோ குமட்டலோ மிச்சமிருந்தால் வேண்டவே வேண்டாம். உயர நோய்க்கு மருந்து கீழே போவது. இந்த வழி உங்களை மேலே கொண்டுபோகிறது.

## வழி மூன்று: ஹெலிகாப்டர்

மூன்று நாள் நடையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். கோரக் ஷெப்பில் நின்று இதைக் கேட்கும்போது மறுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஹெலிகாப்டரால் முழுச் சுமை தூக்க முடியாது. கோரக் ஷெப்பிலிருந்து இரண்டு மூன்று பேராகப் பெரிச்சே பக்கம் இறக்கி வைத்துவிட்டு, திரும்பப் போய் மிச்சப் பேரை ஏற்றி வருவார்கள். உங்கள் எடையைக் கேட்பார்கள், பையையும் நிறுப்பார்கள். நண்பரை ஏற்றிவிட்ட நாளில் அவருடைய பெரிய பைக்கு இடமில்லை. முழங்கால் வீங்கிப்போய், ஒரு சால்வையும் பாஸ்போர்ட்டும் மட்டும் மடியில் வைத்துக்கொண்டு போனார். பை எங்கள் போர்ட்டரோடு மூன்று நாள் கழித்து லுக்லா வந்தது. அதனால் மருந்து, பணம், பாஸ்போர்ட், ஒரு மாற்றுத்துணி இவற்றைச் சின்னப் பையில் தனியே வைத்திருங்கள்.

இரண்டாவது, கூட வந்தவர்கள். நீங்கள் பறந்தாலும் கைடும் போர்ட்டரும் நடந்துதான் வருகிறார்கள். அந்த மூன்று நாள் கூலியைக் குறைக்கக் கூடாது. அவர்கள் திரும்பும் நாட்களுக்கும் சேர்த்துத்தான் வேலைக்கு வந்தார்கள்.

மூன்றாவது, காப்பீடு. "களைப்பாக இருக்கிறது, நடக்க மனமில்லை" என்பதற்குக் காப்பீடு பணம் தராது. மருத்துவக் காரணம் வேண்டும், பெரும்பாலான நிறுவனங்களிடம் முன்கூட்டியே அழைத்துச் சம்மதம் வாங்கவும் வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் உயர வரம்பு உண்டு. 6,000 மீட்டர் வரை செல்லுமா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். லேசாகத் தலைவலித்தாலே "ஹெலிகாப்டர் கூப்பிடலாம், காப்பீடு பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் கவனம். இப்படித் தேவையில்லாத மீட்புகளுக்குப் பெரிய பில் போட்ட மோசடிகளை 2018ல் நேபாள அரசே விசாரித்தது. அந்த ஏமாற்று நடந்ததால் உண்மையான நோயாளிகளுக்கும் கெடுபிடி கூடியிருக்கிறது.

நான்காவது, பள்ளத்தாக்கின் மக்கள். இரைச்சலும் காட்டுவிலங்குகள் மிரள்வதும் அங்கே பெரிய குறை. நடந்து போகிறவர்களை நம்பித்தான் லாட்ஜ்கள் இருக்கின்றன. 2025 தொடக்கத்தில் பூங்காவுக்குள் வணிக ஹெலிகாப்டர்களுக்குத் தடை வந்து பெரிய தகராறே ஆனது. விதி மாறிக்கொண்டிருப்பதால், முன்பணம் கட்டுவதற்கு முன் அன்றைய நிலையைக் கேளுங்கள்.

மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் மேகம் ஏறிவிடும். காலையில் வரிசை தவறினால் மறுநாள்தான்.

யாருக்குச் சரி: முழங்கால், கணுக்கால் உண்மையிலேயே போனவர்கள், நோய்ப்பட்டவர்கள். பணமும் அவசரமும் உள்ளவர்களுக்கும் இது ஒரு வழிதான், தடுக்க மாட்டேன். ஆனால் பசி திரும்பும் அந்த முதல் நாள் இரவை இழக்கிறீர்கள்.

## ஒப்பீடே பார்க்கக் கூடாத நேரம்

நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா? பேச்சு குழறுகிறதா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமலில் நுரை வருகிறதா? மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்ததன் அறிகுறி அது. அப்போது நாள், பணம், அழகு எதையும் எடைபோட வேண்டாம். இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும், தனியாக விடாமல், குறைந்தது 500 முதல் 1,000 மீட்டர். ஹெலிகாப்டர் வந்தால் ஏற்றுங்கள். மேகமோ இருட்டோ என்றால் அதற்காகக் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டாவது இறங்குங்கள். பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவமனை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் திறந்திருக்கும். ஏறும்போதே அது எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

## லுக்லாவில் இன்னொரு முடிவு

லுக்லா சேர்ந்ததும் முடிந்துவிடாது. அங்குள்ள ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான், அதுவும் சரிவாக. மூடுபனி என்றால் விமானம் இல்லை. பயணக் கூட்டம் உள்ள மாதங்களில் விமானங்கள் காத்மாண்டுக்குப் போகாமல் ராமேசாப் மாவட்டத்தின் மந்தலியில் இறங்கும். அங்கிருந்து காத்மாண்டுக்கு இன்னும் நான்கைந்து மணிநேரம் சாலை. காலை விமானம் பிடித்து மாலையே ஊருக்குப் பறக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வெளிநாட்டு விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது காலியாக விடுங்கள்.

விமானமே பயம் அல்லது நாள்கணக்காகப் பனிமூட்டம் என்றால், காரிகோலா, நுந்தலா வழியாகத் தெற்கே நடந்து சல்லேரியில் ஜீப் பிடிக்கலாம். இரண்டு மூன்று நாள் நடை. ஜீப் பாதை வடக்கு நோக்கி நீண்டுகொண்டே வருவதால், காய்ந்த மாதங்களில் அதற்கு முன்பே வண்டி கிடைக்கலாம். மழைக்காலத்தில் சேறுதான். எனக்குக் கை நிறைய நாள் இருந்தால் இப்படியே வருவேன். இல்லாவிட்டால் லுக்லாவில் காத்திருப்பேன்.

ஃபக்டிங்கிலிருந்து அந்தக் கடைசி ஏற்றம் ஏறி லுக்லாவுக்குள் நுழையும் இடத்தில் ஒரு நினைவு வாயில் இருக்கிறது. 1993ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் நேபாளப் பெண் பசாங் லாமு ஷெர்பாவின் பெயரில் உள்ளது. அவர் இறந்தது இறங்கும் வழியில். கிளம்பிய நாள் காலை, போட்டோ எடுக்கும் அவசரத்தில் அதை நான் படிக்காமலே தாண்டிப் போயிருந்தேன். திரும்பி வந்தபோதுதான், கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நின்று படித்தேன்.